மருத்துவச்சி முதல் 108 வரை: பதிவேட்டில் யார் பெயர்?

பொதட்டூர்பேட்டை தறிக்காரத் தெருக்களிலும் சுற்றியுள்ள சேரிகளிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இப்போது 'பாராமெடிக்கல்' படிப்பைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். கனவை நீட் தேர்வு தூரத் தள்ளிவிட்டது. லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ், ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் என்று பிழைக்க ஒரு வழி தேடுகிறார்கள். தேடட்டும். அதோடு இந்த வேலையின் வரலாற்றையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் ஒரு வேலைக்கு உரிமம் வரும்போதெல்லாம், அதை முன்பிருந்து செய்துவந்தவர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

நம் கிராமங்களில் டாக்டருக்கும் நர்சுக்கும் முன்னால் இருந்தவர் மருத்துவச்சி. தமிழகத்தின் பல பகுதிகளில் ஊர்த்தெருவில் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் சமூகப் பெண்கள். சேரியில் சேரிப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைப்பேறு தீட்டு, தொப்புள்கொடி தீட்டு, ரத்தம் தீட்டு. அந்தத் தீட்டைத் தொடும் வேலை ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் தலையில் கட்டப்பட்டது. உயிரைக் காப்பாற்றிய கைக்குக் கூலியாகக் கிடைத்தது கொஞ்சம் நெல்லும் பழைய புடவையும்.

1914இல் சென்னை மாகாணத்தில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1926இல் செவிலியர், மருத்துவச்சிகளுக்கான சட்டம் வந்தது. முறையான பயிற்சி, தேர்வு, பதிவேடு என்று தொழிலுக்கு ஒரு மதிப்பு கிடைத்தது. ஆனால் பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடப்படாத சாதிப் பெண் எங்கே போய்ப் பயிற்சி பெறுவாள், எந்தத் தேர்வை எழுதுவாள்? 1946இல் போர் குழு அறிக்கைகூட, படித்த மருத்துவச்சிகள் போதுமான அளவு வரும்வரை நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பயன்படுத்தலாம் என்றுதான் சொன்னது. அவர்கள் இடைக்கால ஏற்பாடாக மட்டுமே பார்க்கப்பட்டார்கள்.

வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இன்று தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. எத்தனையோ தாய்மார்கள் அதனால் பிழைத்திருக்கிறார்கள். கேள்வி வேறு. தீட்டாக இருந்தவரை நம்மிடம் இருந்த வேலை, சம்பளமும் மரியாதையும் உள்ள வேலையாக மாறியபோது ஏன் நம் கையை விட்டுப் போனது?

இதே கேள்வியை அமெரிக்கக் கறுப்பின மக்களும் கேட்டார்கள். 1960களில் பிட்ஸ்பர்க் நகரில் நோயாளியைப் போலீஸ் வண்டியில் ஏற்றிப் போவார்கள். வழியில் சிகிச்சை கிடையாது. 1967இல் அங்குள்ள ஹில் பகுதியில் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. எதற்கும் லாயக்கில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களுக்கு டாக்டர் பீட்டர் சாஃபர் சுமார் 300 மணி நேரப் பயிற்சித் திட்டத்தை வகுத்தார். நடு ரோட்டிலேயே உயிர்காக்கும் சிகிச்சை தருவதில் அவர்கள் நாட்டுக்கே முன்னோடிகள் ஆனார்கள். பின்னர் அங்கே மருத்துவ இயக்குநராக இருந்த டாக்டர் நான்சி கரோலைன்தான் அமெரிக்காவின் தேசிய பாராமெடிக் பாடத்திட்டத்தை எழுதினார்.

1975இல் மாநகராட்சி சொந்த ஆம்புலன்ஸ் துறையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. அதன் ஊழியர்களைச் சேர்த்துக்கொண்ட பிறகு புதுத் தேர்வுகள் வைத்தார்கள், பொறுப்புகளைக் குறைத்தார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலானோர் வெளியேறினார்கள். பாடம் அவர்களுடைய அனுபவத்திலிருந்து பிறந்தது. பதவி வேறு ஆட்களுக்குப் போனது.

இங்கே 2008 செப்டம்பரில் 108 சேவை வந்தது. அழைத்தவரின் சாதியைக் கேட்காமல் சேரிக்குள் வந்து நிற்கும் வண்டி அது. அதில் வரும் மருத்துவ உதவியாளர்கள் செவிலியர் படிப்போ உயிரியல் சார்ந்த பட்டப்படிப்போ முடித்து, குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்கள். அரசு ஊழியர்கள் அல்லர். சேவையை நடத்தும் நிறுவனத்தின் ஊழியர்கள்.

2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று ஒன்றிய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆம்புலன்ஸ் பாராமெடிக்குகளும் அதற்குள் வருகிறார்கள். துணை மருத்துவப் பணியாளராகப் பதிவு பெற, குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பில் பெற்ற டிப்ளமோ அல்லது பட்டம் வேண்டும். பதிவேட்டை மாநிலக் கவுன்சில் வைத்திருக்கும். போலி நிறுவனங்களிடம் ஏமாறும் நம் பிள்ளைகளுக்கு இது பாதுகாப்புதான். ஆனால் பல ஆண்டுகளாக வண்டியில் உயிர்காத்தவரின் அனுபவத்துக்கு அந்தப் பதிவேட்டில் என்ன மதிப்பு என்பதை விதிகளை எழுதுகிறவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

ஆகவே தோழர்களே, இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, பணம் கட்டும் முன் அந்தப் படிப்புக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்போ மருத்துவக் கல்வித் துறையின் அங்கீகாரமோ இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்தால் பதிவும் இல்லை, ஆதிதிராவிடர் நலத்துறையின் உதவித்தொகையும் இல்லை. இரண்டாவது, அனுபவத்துக்கு மதிப்பெண், தமிழில் தேர்வு, கவுன்சிலில் தலித் பிரதிநிதித்துவம் ஆகிய மூன்றையும் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். விதி எழுதும் மேசையில் நம் ஆள் இல்லையென்றால், 1926இல் நம் பாட்டிகளுக்கு நடந்தது நம் பிள்ளைகளுக்கும் நடக்கும்.

ஜெய் பீம்!