மும்பையில் பிறந்த தமிழ்ச் செய்திக் குரல்

தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசிப்பவர்களின் முகங்கள் இன்று நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் முகமே தெரியாமல் ஒரு தலைமுறைக்கே செய்தி சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் நம் மும்பையில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தான் அகில இந்திய வானொலியின் சரோஜ் நாராயண்சுவாமி.

1976-இல் ஜனதா காலனி காலி செய்யப்பட்டு, நாங்கள் டிராம்பே சீட்டா கேம்ப்புக்கு வந்தபோது வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரப் பொருள் டிரான்சிஸ்டர்தான். மும்பைத் தொலைக்காட்சி நிலையம் 2.10.1972-லேயே தொடங்கிவிட்டது. சென்னை நிலையம் 15.8.1975-இல் வந்தது. ஆனால் சென்னைப் படம் மும்பைக்கு எட்டாது. சிற்றலை வானொலியோ வானில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். அப்பா முள்ளை மெல்லத் திருப்பித் திருப்பி, இரைச்சலுக்கு நடுவே தில்லித் தமிழ்ச் செய்தியைப் பிடிப்பார். நாங்கள் மூச்சுவிடாமல் இருக்கணும்.

லீவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போனால் அதே குரல் காலை 7.15-க்குத் தெளிவாகக் கேட்கும். கம்பீரமான, கனத்த குரல். பெயரும் சரோஜ் என்று இருந்ததால், வாசிப்பது ஆண் என்றே நினைத்தவர்கள் ஏராளம். "ஏலே, அது பொம்பளையாலே? நான் ஆம்பளன்னுல்லா நெனச்சேன்!" என்று தாத்தா வியந்தது இன்னும் காதில் இருக்கிறது.

அவரது பூர்வீகம் தஞ்சை. பிறந்ததும் படித்ததும் மும்பையில். திருமணத்துக்குப் பின் தில்லி சென்று, வானொலியில் தமிழ்ச் செய்திப் பிரிவில் சேர்ந்தார். சுமார் 35 ஆண்டுகள் அங்கே பணி. தமிழில் செய்தி வாசித்த முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள்.

இந்த வேலையை வெறும் வாசிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே செய்தி வாசிப்பாளரே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். ஆங்கிலத்தில் வரும் செய்தியைக் குறித்த நேரத்துக்குள் தமிழாக்கி, உடனே ஒலிவாங்கி முன் உட்கார வேண்டியிருந்தது. தப்பு வந்தால் அழித்து எழுத அவகாசமில்லை. நாடே கேட்டுக்கொண்டிருக்கும். வாக்கியம் சிறியதாக இருந்தால்தான் கேட்பவர் மனதில் நிற்கும். ழகரம், ளகரம், லகரம் மூன்றும் தனித்தனியாக ஒலித்தால்தான் பொருள் மாறாது.

ஊரில் என் அத்தை பிள்ளைகள் என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள். "பம்பாய்க்காரன் பேச்சப் பாரு, பாதி இந்தி" என்பார்கள். நான் வாய் திறக்கவே கூசுவேன். அவர்கள் நல்ல தமிழ் என்று காது கொடுத்துக் கேட்ட அந்தக் குரலும் பம்பாயில் வளர்ந்ததுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

14.4.1993-இல் சன் டிவி தொடங்கியது. செயற்கைக்கோள் வழியே தமிழ்ச் செய்தி முகத்தோடு நம் வீட்டுக்கு வந்தது. முள்ளைத் திருப்பும் வேலை போயிற்று. வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்கும் பழக்கமும் மெல்லப் போயிற்று.

தமிழக அரசு 2009-இல் அவருக்குக் கலைமாமணி விருது அளித்தது. 13.8.2022 அன்று, 87-ஆம் வயதில், பிறந்த மும்பையிலேயே அவர் காலமானார்.

வெளிமாநிலத்தில் வளர்ந்தால் தமிழ் தேய்ந்துதான் போகும் என்று நாமே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது விதி அல்ல என்பதற்கு இந்த அம்மையாரின் வாழ்க்கையே சாட்சி. தினம் பத்து நிமிஷம், ஒரு தமிழ்ப் பத்திரிகைச் செய்தியைப் பிள்ளைகளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் சிரிக்காதீர்கள். சிரிப்புக்குப் பயந்து வாய் மூடிய பிள்ளைகளில் நானும் ஒருவன்.