மாத்திரையை விட்டால் வலி ஏன் இரண்டு மடங்காகத் திரும்புகிறது? 1948இல் தொடங்கிய கதை

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் யாருக்காவது மூட்டு வீக்கம் இருந்தால் பொறுமையாகக் கடைசி வரை படிச்சிடுங்க.

ஓபியில் ஒரு அம்மா. ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி, தண்ணீர்ச் செம்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"மாத்திரை போட்டா அன்னிக்கே வலி பறந்துடுது டாக்டர். ரெண்டு நாள் விட்டா முன்ன இருந்ததைவிட ஜாஸ்தியா புடிச்சுக்குது."

காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். எட்டு மாதமாகச் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடுகிறார். கன்னம் உப்பி முகம் வட்டமாகியிருந்தது. ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்று புரிந்துவிட்டது.

அவர் சொன்ன அதே பிரச்சினையை மருத்துவ உலகம் 75 வருடங்களுக்கு முன்பே பார்த்துவிட்டது. அந்தக் கதைக்கு வருவோம்.

1929. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ கிளினிக். ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவரிடம் முடக்குவாத நோயாளி ஒருவர் வருகிறார். ஊரில் சரவாங்கி என்பார்களே, நாங்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்போமே, அந்த நோய். வந்தவரும் ஒரு மருத்துவர்தான்.

"எனக்கு மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டு வலி குறைந்துவிட்டது" என்கிறார். காமாலை சரியான பிறகும் பல மாதங்கள் வலி இல்லை!

இன்னொருவராக இருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பார். ஹென்ச் விடவில்லை. மற்ற நோயாளிகளையும் கவனித்தார். கர்ப்ப காலத்தில் பல பெண்களுக்கு வலி தணிகிறது, பிரசவம் ஆனதும் திரும்பி வருகிறது.

அப்படியென்றால் உடம்புக்குள்ளேயே இந்த நோயை அடக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும். அதற்கு 'எக்ஸ் பொருள்' என்று பெயர் வைத்துத் தேடினார்.

அதே மேயோவில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து சில பொருட்களைப் பிரித்தெடுத்திருந்தார். அதில் ஒன்று 'காம்பவுண்ட் ஈ'. மெர்க் நிறுவனம் மாட்டின் பித்தநீர் அமிலத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் கடந்து அதைக் கொஞ்சமாகத் தயாரித்தது.

1948 செப்டம்பர் 21. முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் போன 29 வயதுப் பெண்ணுக்கு முதல் ஊசி. இரண்டு மூன்று நாளில் படுக்கையில் எளிதாகப் புரண்டார். ஒரே வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய் வந்தார்!

அந்த மருந்துதான் கார்ட்டிசோன். இன்றைய ஸ்டீராய்டு மாத்திரைகளுக்கெல்லாம் மூத்த அண்ணன். 1950இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்த இழையே எழுதியிருக்க மாட்டேன்.

ஊசியை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு வலியும் வீக்கமும் திரும்பின. தொடர்ந்து போட்டவர்களுக்கு முகம் உப்பியது, மனநிலை மாறியது. நோய் குணமாகவில்லை. நீறு பூத்த நெருப்பாக உள்ளேயே இருந்தது. ஸ்டீராய்டு அதன் மேல் சாம்பலைப் போட்டு மூடியது, அவ்வளவுதான். சாம்பலை ஊதிவிட்டால் தணல் தெரியத்தானே செய்யும்?

1952இல் இன்னொரு அதிர்ச்சி. மாதக்கணக்கில் கார்ட்டிசோன் எடுத்த முடக்குவாத நோயாளி ஒருவர் இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்த அழுத்தம் சரிந்து இறந்துபோனார். பரிசோதித்ததில் அவருடைய அட்ரினல் சுரப்பிகள் சுருங்கியிருந்தன.

காரணம் எளிது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், "நமக்கு இங்கே வேலை இல்லை" என்று சுரப்பி தூங்கிவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அது உடனே எழுந்திருக்காது. சோர்வு, வாந்தி, மயக்கம், சில நேரம் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறோம்.

அப்படியானால் ஸ்டீராய்டு விஷமா? இல்லவே இல்லை. சரியான நோய்க்கு, சரியான அளவில், சரியான காலத்துக்குக் கொடுத்தால் உயிர் காக்கும் மருந்து. நானே தினமும் எழுதுகிறேன்.

ஆனால் நோயின் வேரைக் கட்டுப்படுத்த வேறு மருந்துகள் வேண்டும். முக்கியமானது மெத்தோட்ரெக்சேட். 1988இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. முழுப் பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே போட வேண்டும். தவறிப்போய் தினமும் போட்டால் உயிருக்கு ஆபத்து. அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் தேவை.

அந்த அம்மா "மூணு மாசமா?" என்று கேட்டார். ஆமாம்மா, மூணு மாசம். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் மூட்டு கோணிப் போகாமல் காப்பது இதுதான்.

உங்களுக்கு மூன்று வேண்டுகோள்:

1. பெயர் தெரியாத மாத்திரை ஒரே நாளில் வலியைப் பறக்க வைத்தால் சந்தேகப்படுங்கள்.

2. மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால், இதைப் படித்த பயத்தில் இன்றே நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

3. பிரசவத்துக்குப் பின் விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் வெகுநேரம் விறைப்பாக இருந்தால் "பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்காதீர்கள். ஹென்ச் அன்றே கவனித்த விஷயம் அது. அரசு மருத்துவமனைக்கு வந்து காட்டுங்கள்.

பொட்டலத்தில் மாத்திரை வாங்கும் உறவினர் யாராவது இருந்தால் அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.