சி.பி. எண்ணும் ஒரு சின்னக் கோப்பும்

பேராதனைப் பூங்காவுக்குப் போகிறவர்கள் ராஜபனை வரிசையையும் ஓர்க்கிட் இல்லத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே வளவுக்குள் தேசிய உலர்தாவரகம் இருப்பது பலருக்குத் தெரியாது. உலர்த்திய செடிகளைத் தடித்த தாளில் ஒட்டி, மூலையில் ஒரு சீட்டெழுதி, இனம் இனமாக அடுக்கிவைத்திருக்கும் இடம் அது. எந்தச் செடி, எங்கே, எப்போது, யார் பறித்தது என்பதைச் சொல்வது அந்தச் சீட்டுத்தான். சீட்டு இல்லாவிட்டால் தாளில் இருப்பது வெறும் காய்ந்த இலை.

1849இல் பூங்காவைப் பொறுப்பேற்று முப்பது ஆண்டுகள் நடத்தியவர் ஜோர்ஜ் துவெய்ட்ஸ். இலங்கைத் தாவரங்களுக்கு அவர் ‘சி.பி.’ என்று எண் போட்டார். சிலோன் பிளாண்ட்ஸ் என்பதன் சுருக்கம் அது. அவருக்கு முன்னிருந்த கார்ட்னர் சேகரித்தவை, அவரே சேகரித்தவை, அவருடைய ஆட்கள் காடேறிக் கொண்டுவந்தவை எல்லாம் ஒரே இனமென்று தோன்றினால் ஒரே எண்ணின்கீழ் போயின. அதே எண்ணைத் தாங்கிய படிகள் கியூ, லண்டன், பாரிஸ், ஜெனீவா என்று ஐரோப்பிய உலர்தாவரகங்களுக்கும் அனுப்பப்பட்டன. ஆகவே ஒரு சி.பி. எண்ணின் பின்னால் வேறு வேறு ஆட்களும் ஊர்களும் ஆண்டுகளும் இருக்கக்கூடும். 1858 முதல் 1864 வரை வெளிவந்த அவருடைய ‘எனுமராசியோ பிளாந்தாரும் செய்லானியே’ இந்த எண்களைச் சுட்டியே இனங்களை விவரிக்கிறது. இதனால் இலங்கைத் தாவரங்களைப் படிக்கும் யாரும் சி.பி. எண்ணைத் தொடாமல் போக முடியாது.

நூறாண்டுக்கு மேல் கழிந்து, சீட்டுகள் கணினி அட்டவணைகளாகத் தொடங்கின. ஒரு சீட்டு ஒரு நிரை. சேகரித்தவர், இடம், திகதி, எண் ஒவ்வொன்றும் ஒரு நிரல். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு நிரல்களுக்குப் பெயர் வைத்தது. கியூவின் அட்டவணையையும் ஜெனீவாவின் அட்டவணையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வழியில்லை. 1985இல் ஜெனீவாவில் கூடிய தாவரத் தரவுத்தளக்காரர்கள் டி.டி.டபிள்யூ.ஜி. என்ற அமைப்பைத் தொடங்கியது இதற்காகத்தான். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில், எல்லோருக்கும் பொதுவான சில நிரல்களின் பட்டியல் ஒன்று உருவானது. டார்வின் கோர் என்று அதற்குப் பெயர்.

பொதுப் பெயர்கள் கிடைத்தன, தரவைக் கொண்டுசெல்லும் வழிதான் சரியில்லை. 2001இல் தொடங்கி கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஜிபிஃப் என்ற உலகளாவிய உயிர்ப்பல்வகைமைத் தகவல் அமைப்பு, ஒவ்வொரு நிறுவனத்தின் தரவுத்தளத்தையும் இணையம் வழியாகத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கியது. 2,60,000 பதிவுகளை எடுக்க 1,300 தடவை கேட்க வேண்டியிருந்தது. 500 எம்.பி. எக்ஸ்எம்எல் வந்து சேர ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. அதே பதிவுகளை எளிய எழுத்துக் கோப்பாக்கிச் சுருக்கினால் 3.2 எம்.பி. மட்டுமே. மின்சாரமும் இணைப்பும் அடிக்கடி அறும் நாடுகளுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழுத்துக் கோப்பு இலகுவானது, ஆனால் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது. இடம் என்ற நிரலில் ‘ஹந்தானை, கண்டி’ என்று இருக்கிறது என்று வையுங்கள். நிரல்களைப் பிரிக்கக் காற்புள்ளியையே பயன்படுத்தினால், ஹந்தானை ஒரு நிரலிலும் கண்டி அடுத்த நிரலிலும் போய் விழும். அந்த நிரையில் அதற்குப் பிறகு வரும் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும். திகதி இருக்க வேண்டிய இடத்தில் கண்டி நிற்கும்.

அதனால் கோப்போடு அதை விளக்கும் இன்னொரு கோப்பும் போக வேண்டும் என்று முடிவானது. 2009 ஒக்டோபரில் டார்வின் கோர் முறையான தரமாக ஏற்கப்பட்டபோது, மார்கஸ் டோரிங், டிம் ரொபேட்சன், ஜோன் வீசோரெக் முதலியோர் எழுதிய எழுத்துக் கோப்பு வழிகாட்டியும் அதில் ஓர் அங்கமாக இருந்தது. அது சொல்லும் கோப்பின் பெயர் மெட்டா.எக்ஸ்எம்எல். சில பத்து வரிகள்தான். எழுத்துமுறை யூடிஎஃப்-8, நிரல்களைப் பிரிப்பது டேப் குறி, நிரைகளைப் பிரிப்பது புதிய வரி, தலைப்பு வரி ஒன்று உண்டு, அதை விட்டுவிடு என்று தொடங்கும். பிறகு நிரல்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணி, பூச்சியமாவது நிரல் பதிவின் அடையாளம், ஒன்றாவது சேகரித்தவர், இரண்டாவது திகதி என்று ஒவ்வொன்றுக்கும் டார்வின் கோர் சொல்லின் முழு இணைய முகவரியையும் குறிக்கும்.

இதைக் கையால் எழுதலாம். ஆனால் நாளைக்கு யாராவது அட்டவணையில் ஒரு நிரலைக் கூட்டினால் விளக்கம் பொய்யாகிவிடும், அது பொய்யானதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஆகவே விளக்கத்தையும் மென்பொருளே எழுத வேண்டும். ஜிபிஃப் 2009இல் வெளியிட்ட ஐபிடி என்ற இலவச மென்பொருள் அதைத்தான் செய்கிறது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தோடு அதை இணைத்து, வேண்டிய நிரல்களைக் கேட்கும் கேள்வியை எழுதிவிட்டால் போதும். பெயர் ஒத்துப்போகும் நிரல்களை அது தானே பொருத்தும், மற்றவற்றை நாம் தெரிவுசெய்கிறோம். பிறகு தரவுக் கோப்பு, மெட்டா கோப்பு, தரவுத்தொகுப்பை அறிமுகப்படுத்தும் இன்னொரு கோப்பு மூன்றையும் எழுதி ஒரே பொதியாகக் கட்டித்தரும்.

அட்டவணையைப் பார்த்து விளக்கம் எழுதும் யோசனை இவர்களுடைய கண்டுபிடிப்பல்ல. மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சேர்வரின் பிசிபி கட்டளை அட்டவணையைப் படித்துத் தானே வடிவக் கோப்பு எழுதும். 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை எக்ஸ்எம்எல்லாகவும் எழுதத் தொடங்கியது. ஆனால் நிரல் எண்ணா எழுத்தா, நீளம் என்ன, எந்தக் குறியில் முடிகிறது என்பதோடு அது நின்றுவிடும். நிரலின் பொருள் என்ன என்று அது சொல்லாது. மெட்டா கோப்பு அதைச் சொல்கிறது. இந்த ஒரு படிதான் உலர்தாவரகங்களுக்குத் தேவைப்பட்டது.

பொருளைத் தெரிவுசெய்வது மட்டும் மனிதரிடமே விடப்பட்டிருக்கிறது. துவெய்ட்ஸின் எண்ணை எந்தச் சொல்லுக்குப் பொருத்துவது? ‘கற்றலொக் நம்பர்’ என்பது அந்தத் தாளுக்கு நிறுவனம் கொடுக்கும் தனி எண். ‘றெக்கோர்ட் நம்பர்’ என்பது பறித்த வேளையில் சேகரித்தவர் போட்ட எண். சி.பி. எண் இரண்டிலும் சேராது. அதைச் சேகரித்தவரின் எண்ணாகப் பொருத்திவிட்டால், ஜெனீவாத் தாளும் கியூத் தாளும் ஒரே கையால் ஒரே வேளையில் பறித்த படிகள் என்று படிப்பவர் நம்பக்கூடும். ஒன்று ரம்பொடையில் கார்ட்னர் பறித்ததாகவும் மற்றது வேறொரு மலையில் துவெய்ட்ஸின் ஆள் பறித்ததாகவும் இருக்கலாம். மென்பொருள் பிழையில்லாமல் எழுதிய விளக்கம், பொருத்தியவர் சி.பி. எண்ணை அறியாததால் பிழையாகிவிடும். இதை அறிந்தவர்கள் இன்னும் பேராதனையில்தான் கிடைப்பார்கள் என்பது என் எண்ணம்.

தாவரமோ நெல்வகையோ நூலகமோ, கண்டிப் பக்கத்தில் ஓர் அட்டவணையைப் பராமரிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்பை வெளியே அனுப்பும்போது விளக்கத்தைக் கையால் எழுதாதீர்கள், அட்டவணையிலிருந்தே எடுக்கும்படி செய்யுங்கள். அதற்கு முன்பு, ஒவ்வொரு நிரலும் உண்மையில் எதைக் குறிக்கிறது என்று அதை நிரப்பியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் ஓய்வுபெற்றுப் போன பிறகு கேட்க ஆள் இருக்காது.