அரசு ஆவணங்களை அச்சிடும் உரிமை (இந்தியா)

அரசு ஆவணங்களை யார் அச்சிடலாம் என்பதை முழுவதுமாக வரையறுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், குற்றவியல் சட்டம், துறைதோறும் உள்ள விதிகள் எனப் பல இடங்களில் அது சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால் ஆவணங்கள் இரு வகையாகப் பிரிவது தெரியும். முத்திரைத்தாள், அஞ்சல்தலை, கடவுச்சீட்டு, வாக்குச்சீட்டு ஆகியவற்றில் அச்சான தாளுக்கே மதிப்பு உண்டு. விண்ணப்பப் படிவமோ நிரப்பிக் கையெழுத்திட்டு அலுவலகம் ஏற்ற பிறகுதான் மதிப்புப் பெறும். அச்சிடுவதில் அரசின் ஏகபோகம் முதல் வகைக்கே நியாயமானது. அங்கும் அது தனியே காவல் ஆகிவிடாது.

இந்திய அஞ்சல்தலைகளை நெடுங்காலம் லண்டனின் டி லா ரூ நிறுவனம் அச்சிட்டுத் தந்தது. 1925இல் நாசிக்கில் இந்தியப் பாதுகாப்பு அச்சகம் செயல்படத் தொடங்கியபின் அந்த வேலை இங்கே வந்தது. நாசிக் அச்சகம் இப்போது மத்திய நிதி அமைச்சகத்தின் கீழ் 2006இல் உருவான பாதுகாப்பு அச்சு மற்றும் நாணயத் தயாரிப்புக் கழகத்தின் ஓர் அலகு. அரசு முத்திரையைப் போலியாக அச்சடித்தால் ஆயுள் தண்டனைவரை விதிக்க பாரதிய நியாய சன்ஹிதாவின் 178ஆம் பிரிவு இடமளிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 255ஆம் பிரிவும் அவ்வாறே இருந்தது. இத்தனை கெடுபிடிக்கு நடுவில்தான் அப்துல் கரீம் தெல்கியின் போலி முத்திரைத்தாள்கள் பல மாநிலங்களில் விற்பனையாயின. அவர் உரிமம் பெற்ற முத்திரைத்தாள் விற்பனையாளர். நாசிக் அச்சகம் கழித்துவிட்ட இயந்திரங்கள் அவர் கைக்குப் போயின. 2001இல் கைதானவருக்குப் பின்னர் 30 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அச்சகத்தின் கதவு பூட்டியே இருந்தாலும் கழிவு இயந்திரமும் விற்பனை வழியும் திறந்து கிடந்தன. வாங்கியவர் கையில் இருந்த தாள் அசலா என்று பார்க்க வழியும் இல்லை. பின்னர் வந்த மின்முத்திரை இதற்கு விடையளித்தது. அதில் மதிப்பு தாளில் இல்லை. மின்முத்திரைகளைப் பதிந்து வைக்கும் ஸ்டாக் ஹோல்டிங் கார்ப்பரேஷனின் பதிவேட்டில் ஏறிய சான்றிதழ் எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணை இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

படிவங்களின் நிலை வேறு. வாகன உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளோடு இணைக்கப்பட்டவை. ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் இவை கிடைக்கும். இணையத்திலிருந்து இலவசமாகவும் எடுத்துக்கொள்ளலாம். தனியார் அச்சிட்டால் வாசகம் மாறிவிடும், பழைய படிவத்தை விற்று மக்களை அலைக்கழிப்பார்கள் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அலைச்சல் உண்மைதான். ஆனால் படிவத்தின் வாசகம் அரசிதழில் வெளியான விதியில் இருப்பதால், பிழையை எழுத்தரே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியும். மாறாக, அச்சிட்ட படிவத்தை அலுவலகத்தில் மட்டுமே வாங்க வேண்டும் என்றால், 'ஸ்டாக் இல்லை' என்ற ஒரே சொல்லில் குடிமகனின் விண்ணப்பம் நின்றுவிடும். வரிசை எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் மட்டும் இதற்கு விலக்கு. பணம் பெற்றதற்கு அந்தத் தாளே சாட்சி என்பதால் அது முதல் வகையைச் சேரும்.

சட்ட வாசகத்துக்கு வருவோம். அரசு ஆக்கங்களின் முதல் பதிப்புரிமையாளர் அரசு. உரிமைக் காலம் 60 ஆண்டுகள். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(q) பிரிவு அரசிதழில் வெளியானவற்றையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் மறுபதிப்பிட அனுமதிக்கிறது. நீதிமன்றம் தடுத்திருந்தால் தவிர. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை: விளக்க உரையோ வேறு சொந்த எழுத்தோ சேர்த்துத்தான் வெளியிட வேண்டும். தவறான வாசகம் பரவாமல் தடுக்கவே இது என்று வாதிடலாம். ஆனால் உரை சேர்ப்பதால் மூல வாசகத்தின் பிழை குறைவதில்லை. தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அப்படியே அச்சிட்டுப் பிறருக்குக் கொடுக்கக் குடிமகனுக்கு உரிமை வேண்டும். இந்த நிபந்தனையை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.