ஆயிரம் இசைத்தட்டுகள்

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரைக் கப்பல் கட்டுந் தொழிலால் உலகம் அறியும். அந்நகரின் ஸ்டோ கல்லூரியில் இசை வணிகம் பயின்ற மாணவர்கள், 1996 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், தம் பயிற்சியின் ஒரு பகுதியாக ஓர் இசைத்தட்டை வெளியிட்டனர். ஆயிரம் பிரதிகளே அழுத்தப்பட்டன. ‘பெல் அன்ட் செபஸ்தியன்’ என்னும் இசைக் குழுவின் வரலாறு அவ்வாயிரம் தட்டுகளோடு தொடங்குகின்றது.

குழுவின் முதல்வர் ஸ்டூவட் மேர்டொக், 1968 இல் ஏயர் என்னும் ஊரிற் பிறந்தவர். பல்கலைக்கழக மாணவராயிருந்த காலத்தில் நாட்பட்ட களைப்பு நோய் அவரைப் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் படிப்புமின்றித் தொழிலுமின்றிக் கழிந்தன. உடனொத்தோர் பட்டம் பெற்று வாழ்க்கையில் முன்னேறிய அவ்வாண்டுகளிலேதான் அவர் பாடல் புனையத் தொடங்கினார். சிறிது தேறியபின் ஒரு தேவாலய மண்டபத்தின் காவலராக அங்கேயே தங்கினார். ஆலயப் பாடகர் குழுவிலும் பாடினார். வேலையற்ற இசைஞர்களுக்கென நடைபெற்ற பயிற்சி வகுப்பொன்றில் ஸ்டூவட் டேவிட் என்பாரின் நட்புக் கிடைத்தது. இவ்வாறே ஒருவர் பின் ஒருவராகக் குழு சேர்ந்தது. சிறுவன் ஒருவனையும் அவனுடைய நாயையும் பற்றிச் செசில் ஓப்ரி என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் படைத்த கதையின் பெயரே குழுவின் பெயராயிற்று.

ஸ்டோ கல்லூரியில் அப்பாடநெறியை நடத்தியவர் முன்னாள் இசைஞரான அலன் ரங்கின். ஆண்டுதோறும் ஒரு குழுவைத் தெரிந்து சிறுதட்டொன்றை வெளியிடுதல் அங்கு வழக்கமாயிருந்தது. மேர்டொக்கிடமோ ஒரு முழுத்தட்டுக்குப் போதிய பாடல்கள் இருந்தன. வழக்கத்தை விட்டு முழுத்தட்டுக்கே கல்லூரி இணங்கிற்று. ‘டைகர்மில்க்’ பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில், ஜீப்ஸ்டர் என்னும் சிறு நிறுவனம் அவர்களுடைய இரண்டாவது தொகுதியை வெளியிட்டது.

பெருங்கம்பனிகளைச் சாராது இயங்கும் இத்தகைய இசையை ‘இண்டி’ என்பர். இக்குழுவினர் அதன் இயல்புக்கு ஏற்பவே ஒழுகினர். தொடக்க காலத்திற் பத்திரிகைப் பேட்டிகளையும் புகைப்படங்களையும் பெரிதும் தவிர்த்தனர். பாடல்கள் வாய்மொழியாகவே பரவின. முதல் தட்டைத் தேடி அலைந்தோர் ஒரு பிரதிக்குப் பல நூறு பவுண் கொடுக்கவும் முன்வந்தனர். 1999 இல் அது மீண்டும் வெளியாகும்வரை இந்நிலை நீடித்தது.

அதே 1999 இல், புதிதாய்த் தோன்றிய கலைஞருக்கான பிரிட் விருது இவர்களுக்குக் கிடைத்தது. பி.பி.சி. முதலாம் வானொலி நேயர்களின் வாக்கே அதனைத் தீர்மானித்தது. மிகப் பெரும் விற்பனை கண்ட ‘ஸ்டெப்ஸ்’ குழுவினர் தோற்றனர். அவர்கள் தரப்பினர் வாக்கெடுப்பைப் பற்றி முறையிட்டதும் உண்டு. விளம்பரத்தை நாடாத குழுவொன்றை நேயர்கள் தெரிந்தெடுத்தமை பலருக்கும் வியப்பளித்தது.

புகழ் வந்தபோது பிரிவும் வந்தது. 2000 இல் ஸ்டூவட் டேவிட்டும், 2002 இல் செலோ வாசித்துப் பாடிவந்த இசபெல் காம்பெலும் விலகினர். தொடக்கத்தில் உடனிருந்தோரை இழந்தபின் குழு நிலைக்குமோ என்ற வினா எழுந்தது. மேர்டொக் பழைய பாதையையே பற்றிக்கொண்டிருக்கவில்லை. பெரும் வணிகப் பாடல்களை உருவாக்கிப் பெயர்பெற்ற ட்ரெவர் ஹோணின் துணையுடன் 2003 இல் புதிய தொகுதியொன்றை வெளியிட்டனர். ஒலி செழுமையுற்றது, பாடல்களின் மென்மையும் நகைச்சுவையும் கெடவில்லை. 2006 இல் வெளியான தொகுதி பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடத்தை எய்திற்று. 2022 இலும் 2023 இலும் புதிய தொகுதிகள் வெளிவந்தன. தம் நோய்க்காலத்தை அடியொற்றி மேர்டொக் எழுதிய நாவல் 2024 இல் வெளியாயிற்று.

ஆற்றலுள்ளோர் எங்கும் உளர். அவ்வாற்றல் வெளிப்படுவதற்கு ஒரு வாயில் வேண்டும். நோயால் ஏழாண்டு பின்தங்கிய ஒருவருக்கு அவ்வாயிலைத் திறந்தது பெருஞ்செல்வமன்று, ஒரு கல்லூரியின் எளிய பயிற்சி. வழக்கமான சிறுதட்டே போதுமென்று அக்கல்லூரி நின்றிருந்தால், இசையுலகு இழந்திருக்கக்கூடியது சிறிதன்று.