புகுமுக வகுப்பின் வாயிலிலே

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்தவுடன் நம் ஆஸ்டின் டவுன் இல்லங்களில் எழும் கேள்வி ஒன்றுண்டு. "பிள்ளைக்கு எந்தக் குரூப் எடுக்கப் போகிறீர்கள்?" என்பதே அது. அடுத்த வீட்டுப் பிள்ளை எடுத்ததையோ, பெற்ற மதிப்பெண்ணுக்கு எது கிடைக்கிறதோ அதையோ எழுதி, இரண்டு நாளில் விண்ணப்பத்தை முடித்துவிடுகிறோம். இரண்டே நாளில் செய்யும் இம்முடிவு, இரண்டாண்டு கழித்துப் பிள்ளை பல்கலைக்கழக வாயிலில் நிற்கும்போதுதான் தன் வலிமையைக் காட்டுகிறது. இவ்வாயில் எப்பொழுது, எவரால், எதற்காக அமைக்கப்பட்டது என்பதை அறிந்தால், அதைக் கடக்கும் வழியும் ஓரளவு விளங்கும் என்பது நம் எண்ணம்.

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. மறு ஆண்டு, அதாவது 1858இல், பெங்களூரில் ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதுவே பின்னாளில் சென்ட்ரல் கல்லூரியாக மலர்ந்தது. 1916ஆம் ஆண்டு மைசூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பெறும் வரையில் அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. மூதறிஞர் இராஜாஜி அவர்கள் 1894இல் அங்கிருந்துதான் பட்டம் பெற்றார். தண்டுப் பகுதியில் குடியேறிய நம் முன்னோரின் கண்களுக்கு, உயர்கல்வி என்றால் சென்னையின் தேர்வுகளே புலப்பட்டன.

அந்நாளில் மாணவன் முதலில் மெட்ரிகுலேஷன் தேறவேண்டும், பின்னர் எப்.ஏ. என்னும் இடைநிலைத் தேர்வில் தேறவேண்டும். அதன் பிறகே பி.ஏ. வகுப்பில் தனக்குரிய சிறப்புப் பாடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். எப்.ஏ. வரையில், ஆங்கிலம், கணிதம், உடலியல், கிரேக்க உரோம வரலாறு, வடமொழி எனப் பலவற்றைச் சுமந்து, ஒவ்வொன்றிலும் தேறியாக வேண்டும். ஒன்றில் தவறினாலும் வாயில் அடைபட்டது.

அவ்வாயிலில் முட்டி நின்றவருள் ஒருவர் சீனிவாச இராமானுஜன். 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த அவர், கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டார். விளைவு, உதவித்தொகை பறிபோயிற்று. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார், மீண்டும் எப்.ஏ. தவறினார். உலகம் வியந்த கணித மேதை, தேர்வுக் கணக்கில் தோற்றவரானார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தராக அமர்ந்தார். பட்டமே இல்லாத அவருக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், அதைப் படித்துணர்ந்த ஹார்டியின் நெஞ்சமும் இல்லாதிருந்தால், விதி விதியாகவே நின்றிருக்கும். இராமானுஜன் எழுத்தராகவே இருந்திருப்பார். மேதைக்கே அந்நிலை என்றால் எளிய பிள்ளைகளின் நிலையை என்னென்பது!

எல்லாரும் எல்லாவற்றையும் கற்கவேண்டும் என்ற அம்முறையின் குறையைப் போக்க முனைந்தவர் நம்மவரே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் இடைநிலைக் கல்விக் குழு அமைந்தது. 1953இல் அது தன் அறிக்கையைத் தந்தது. மாணவரின் திறன் பலவாதலின் பாடங்களும் பலவாக வேண்டும் என்று கூறி, கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளை அது வகுத்தது. பழைய இன்டர்மீடியட் வகுப்பை நீக்கி, அதன் ஓராண்டைப் பள்ளிக்கும் ஓராண்டைப் பல்கலைக்கழகத்திற்கும் பகிர்ந்தளிக்கச் சொன்னதும் அக்குழுவே. புகுமுக வகுப்பு என்னும் பெயர் இவ்வாறுதான் நம் வாயில் புழங்கலாயிற்று.

ஆனால் ஒரு குறையைத் தீர்க்கப் போய் மற்றொன்று முளைத்தது. பதினான்கு வயதிலேயே பிள்ளை தன் வாழ்வின் திசையைக் குறிக்க நேர்ந்தது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு இதனைக் கண்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே பாடத்தைப் பிரிப்பது பொருந்தாது என்றும், பத்து வகுப்பு வரையில் பொதுக்கல்வியே வேண்டும் என்றும் உரைத்தது. பத்துக்குப் பின் இரண்டாண்டு என்னும் இன்றைய முறை அக்கருத்தின் வழிவந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ கலைக்கும் அறிவியலுக்கும் இடையே கடுஞ்சுவர் வேண்டா என்கிறது. ஒரு தலைமுறை எழுப்பிய சுவரை அடுத்த தலைமுறை இடிக்கிறது. இடையில் வந்த பிள்ளைகள் சுவர் நின்ற இடத்தில் திரும்பிச் சென்றனர். இதுவே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

இனி நம் கருநாடகத்தில் இன்றுள்ள நிலையைக் காண்போம். புகுமுக வகுப்பில் இரு மொழிகளும் நான்கு விருப்பப் பாடங்களும் உண்டு. பௌதிகம், இரசாயனம், கணிதம் மூன்றோடு உயிர்நூலைச் சேர்த்தவர்க்குப் பொறியியல், மருத்துவம் என்னும் இரு வாயில்களும் திறந்திருக்கும். ஆனால் சுமை பெரிது. உயிர்நூலுக்குப் பதிலாகக் கணினி அறிவியலையோ மின்னணுவியலையோ கொண்டவர்க்கு மருத்துவ வாயில் அடைபடும். கணிதத்தை விட்டவர்க்குப் பொறியியல் வாயில் பெரும்பாலும் அடைபடும். வணிகப் பிரிவினர் கணிதத்தை வேண்டாப் பொருளாக எண்ணுவது வழக்கம். ஆயினும் டில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரச் சிறப்புப் பட்டம் பயில விரும்பினால் கணிதம் இன்றியமையாதது. இதற்கு மாறாக, சட்டப் பள்ளிகளின் பொது நுழைவுத் தேர்வுக்கும் பட்டயக் கணக்கர் படிப்பிற்கும் எப்பிரிவினரும் செல்லலாம். கலைப் பிரிவை எடுத்த பிள்ளை கெட்டுவிட்டது என்று வருந்துவோர், நாகரபாவியில் இருக்கும் தேசியச் சட்டப் பள்ளியை ஒருமுறை நினைப்பாராக.

விதிகள் மாறிக்கொண்டேயிருக்கின்றன என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் உயிர்நூல் பயிலாதவர், அதனைப் பின்னர்க் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. நேற்று மூடியிருந்த கதவு இன்று சற்றே திறந்தது. ஆதலின் அண்ணன் காலத்து விதியைத் தம்பிக்கு ஓதுதல் தகாது. சேரும் ஆண்டின் அறிவிப்பைப் படித்தே முடிவு செய்தல் வேண்டும்.

மற்றொன்றையும் இச்சங்க மலரில் சொல்லாதுவிடல் முறையன்று. புகுமுக வகுப்பின் மொழிப் பாடங்களுள் தமிழும் ஒன்று. தமிழை எடுத்தால் பொறியியல் இடம் கைநழுவும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உளர். இம்மாநிலப் பொறியியல் தரவரிசையில் மொழிப்பாட மதிப்பெண் கணக்கில் சேர்வதே இல்லை. மருத்துவத் தரவரிசையோ நுழைவுத் தேர்வு ஒன்றையே சார்ந்தது. ஆகவே அவ்வச்சம் வீண். கல்லூரிகளில் தமிழ் வகுப்பு நடைபெறுவதற்குக் கேட்கும் பிள்ளைகள் வேண்டும். கேட்பார் இல்லையேல் வகுப்பு நிற்கும். நின்ற வகுப்பை மீட்டல் எளிதன்று. விண்ணப்பப் படிவத்தில் நாம் இடும் ஒரு சொல்லில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் தமிழும் அடங்கியிருக்கிறது.

இராமானுஜனுக்கு அனைத்தையும் சுமத்தியது அன்றைய முறையின் பிழை. பிள்ளையின் விருப்பத்தைக் கேளாது ஒன்றைத் திணித்தல் நம் பிழையாகும். அக்காலப் பெற்றோர்க்குத் தேர்வு செய்யும் உரிமை இல்லை, நமக்கு உண்டு. ஆகவே, பிள்ளையை அருகில் அமர்த்தி, எது பிடிக்கிறது என்று முதலில் கேட்போம். அதன் பின், எடுக்கும் பாடம் எக்கதவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்று இருவருமாகத் தாளில் எழுதிப் பார்ப்போம். தெரிந்தே மூடிய கதவுக்காகப் பின்னர் எவரும் அழுவதில்லை. தெரியாமல் மூடிய கதவே நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. அம்முள் நம் குடும்பங்களுள் எப்பிள்ளையின் நெஞ்சிலும் தைக்காதிருப்பதாக!