கால்நடைகளில் வெறிநோய்

கால்நடைகளில் வெறிநோய் (ரேபிஸ்) என்பது மாடு, எருமை, ஆடு, குதிரை முதலியவற்றின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் வைரஸ் தொற்று. அறிகுறி தோன்றியபின் பிழைப்பதில்லை. காரணி, ராப்டோவிரிடே குடும்பத்தின் லிஸ்ஸாவைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது.

இந்தியாவில் பெரும்பாலும் நாய்க்கடியாலும், லத்தீன் அமெரிக்காவில் குருதியுண்ணும் வௌவால் கடியாலும் பரவுகிறது. எச்சிலிலுள்ள வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியே மூளையை அடையச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். காயம் ஆறி, நாய் கடித்ததே மறந்துபோன பின்பும் நோய் வெளிப்படுவதுண்டு.

வெறி வடிவம், வாத வடிவம் என இருவகை. மாடு தீவனம் மறுக்கும், பால் சட்டெனக் குறையும், கம்மிய குரலில் ஓயாது கத்தும், எச்சில் கயிறுபோல் ஒழுகும், பின்கால்கள் துவளும். தொண்டையில் ஏதோ அடைத்திருப்பதாகக் கருதி வெறுங்கையை வாய்க்குள் விடுவதே வளர்ப்போருக்கும் கால்நடை மருத்துவருக்கும் நேரும் பெரும் ஆபத்து; கையிலுள்ள சிறு சிராய்ப்பு வழியாகவும் வைரஸ் நுழையும். கொதிக்கவைத்தால் பாலிலுள்ள வைரஸ் அழியும். எனினும் நோயுற்ற மாட்டின் பாலும் இறைச்சியும் விலக்கத்தக்கவை.

1885இல் லூயி பாஸ்டரின் வெறிநோய்த் தடுப்பூசி மனிதருக்குச் செலுத்தப்பட்டது. 1903இல் நெக்ரி என்ற ஆய்வாளர், மூளைச் செல்களில் நோயைக் காட்டும் துகள்களை விவரித்தார். தமிழ்நாட்டில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தோன்றியது.

கடிபட்ட கால்நடையின் காயத்தைக் கையுறையணிந்து சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசித் தொடரைத் தொடங்கவேண்டும். எச்சில் பட்டவர்களும் உடனே மருத்துவரை அணுகவேண்டும்.